சாளேசரமும் கறுப்புக் கண்ணாடியும்

புனேவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு மராத்தி தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் ஒரு வார்த்தை மட்டும் முதல் தடவை கேட்டபோதே பளிச்சென்று புரிந்துவிட்டது. 2016ல், எனக்கு 42 வயது. லக்ஷ்மி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் மசங்கலாகத் தெரிகிறது என்று அரைகுறை மராத்தியில் புலம்பிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே "சாளிஷி!" என்றார். கூடவே இரண்டு கையாலும் மூக்குக் கண்ணாடி மாட்டுவது போல சைகை வேறு.

சாளிஷி. மராத்தியில் சாளீஸ் என்றால் நாற்பது. நாற்பது வயதும் சாளிஷிதான், நாற்பதில் மாட்டுகிற கண்ணாடியும் சாளிஷிதான். திருச்சியில் என் ஆத்தா "எனக்கு சாளேசரம் வந்துடுச்சுடா, நீ ஊசியில நூல் கோத்துக் குடு" என்று கூப்பிடுமே, அதே வார்த்தை! அத்தனை வருடம் அதை ஏதோ சிவன் கோவில் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் (சாளேசுவரர் என்று ஒரு சாமி இருந்தால் மன்னிக்கவும்). நல்ல தமிழில் வெள்ளெழுத்து. தெலுங்குக்காரர்கள் சத்வாரம் என்பார்கள், அதற்குள்ளேயும் நாற்பதுதான் ஒளிந்திருக்கிறது. பாஷை எதுவானாலும் கண்ணுக்குக் கணக்கு ஒன்றுதான் போல.

கண்ணாடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு நினைவு வந்தது ஆத்தா அல்ல, மாமா. அம்மாவின் தம்பி. இந்தக் கட்டுரை அவருக்காக எழுதுவது.

* * *

மாமா வெல்டர். சாதாரண வெல்டர் இல்லை, பாய்லர் டியூப் வெல்டர். திருச்சியில் எங்கள் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். 1965ல் திருவெறும்பூரில் பெல் கம்பெனியின் பாய்லர் தொழிற்சாலை வந்த பிறகு, அதைச் சுற்றியிருந்த ஊர்களில் வெல்டிங் என்பது ஒரு குலத்தொழில் மாதிரி ஆகிப்போனது. 1975ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் ஒரு தெருவுக்கு நாலு வெல்டர் இருப்பார்கள். அனல்மின் நிலையம் எங்கே எழும்புகிறதோ அங்கே போவார்கள். மூட்டையில் இட்லிப்பொடியும் கையில் ஷீல்டுமாக ரயில் ஏறுவார்கள். நம்மை மாதிரி கம்ப்யூட்டர் ஜாதி வெளிமாநிலத்துக்குக் கிளம்புவதற்கு வெகு காலம் முன்பே கிளம்பிய கூட்டம் அது.

மாமா போட்ட ஜாயிண்ட் எக்ஸ்ரேயில் தோற்காது என்று பெயர். 2003ல் அவருக்கு 48 வயது. வடக்கே ஒரு மின் நிலைய வேலையில் முதல் முறையாக அவருடைய ஜாயிண்ட்டுகள் வரிசையாக எக்ஸ்ரேயில் விழுந்தன. இரண்டு ஓட்டினால் மூன்றாவது ரிப்பேர். காண்டிராக்டர் ஒரு வாரம் பார்த்தார், அப்புறம் "கை நடுங்குது பெரியவரே, ஹெல்ப்பராக இருங்க" என்று சொல்லிவிட்டார். மாமா ஹெல்ப்பராக இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு பட்டறை வைத்தார். வீட்டில் கை நடுக்கம் என்றார்கள். சிலர் குடி என்றார்கள் (மாமா டீ கூட அளவாகக் குடிப்பவர்). அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

கண் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை. நான் பொறியியல் படித்தவன், எனக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று தேடப்போய்த்தான் இந்தக் கறுப்புக் கண்ணாடியின் சரித்திரத்துக்குள் விழுந்தேன்.

* * *

வெல்டிங்குக்கு முன்பே வெல்டர் கண்ணுக்கு வரும் வலி வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஹம்ப்ரி டேவி இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்வில்லை எரிய வைத்துக் காட்டினார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் இந்த வெளிச்சத்தோடு விளையாடியவர்களுக்கு ராத்திரியானால் கண்ணில் மணலைக் கொட்டியது போல எரிச்சல். 1858ல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர், மின்வில்லை வைத்து வேலை செய்த இரண்டு வேதியியல்காரர்களுக்கு முகம் வெந்துபோனதைப் பதிவு செய்தார். அடுப்புச் சூடு இல்லை, ஆனாலும் வெயிலில் வெந்த மாதிரி தோல். அப்படியானால் வெளிச்சத்திலேயே வேறு ஏதோ இருக்கிறது.

அந்த வேறு ஏதோ புற ஊதாக் கதிர் என்பதை 1880களின் கடைசியில் ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் விட்மார்க் சோதனை செய்து காட்டினார். பனிமலையில் நடப்பவனுக்கு வரும் பனிக் குருடும், மின்வில்லைப் பார்த்தவனுக்கு வரும் கண்வலியும் ஒன்றே. கருவிழியின் மேல்தோல் வெந்துபோகிறது. உடனே தெரியாது, ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதனால்தான் பகலில் வெல்டிங்கை வேடிக்கை பார்த்த பையன் நடுராத்திரியில் எழுந்து அலறுவான். நம்மூரில் தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக் கட்டுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் கருவிழித் தோல் தானாகவே வளர்ந்துவிடும். புகழ் உருளைக்கிழங்குக்குப் போய்விடும்! (தயவுசெய்து கண்ணில் எதையும் விடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். தாய்ப்பாலிலிருந்து கிருமி போய் உட்கார்ந்தால் கதையே வேறு.)

இதற்கிடையில் வெல்டிங் பிறந்துவிட்டது. 1881ல் பிரான்சில் மெரிட்டென்ஸ் பேட்டரியின் ஈயத் தகடுகளை மின்வில்லால் ஒட்டினார். ரஷ்யாவின் பெனார்டோஸ், ஒல்ஷெவ்ஸ்கி என்பவரோடு சேர்ந்து கரிமுனை வெல்டிங்குக்கு 1885ல் பிரிட்டனிலும் 1887ல் அமெரிக்காவிலும் பேடண்ட் வாங்கினார். 1888ல் ஸ்லாவ்யானோவ் கரிக்குப் பதிலாக உலோகக் கம்பியையே முனையாக்கினார். 1900களில் ஸ்வீடனின் ஷெல்பெரி கம்பிக்கு மேலே மருந்து பூசினார். இன்றைக்கு முக்குக் கடையில் கிடைக்கிற வெல்டிங் ராடுக்கு அவர்தான் பாட்டனார்.

அந்தக் கால வெல்டர் கையில் ஒரு மரப் பலகை. நடுவே ஓட்டை போட்டு, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எந்தக் கண்ணாடி எதைத் தடுக்கிறது என்று அளந்து பார்த்துப் போட்டதல்ல. கூசுகிறதா, இன்னொன்று சேர். அவ்வளவுதான் கணக்கு.

* * *

அளந்து பார்த்தவர் வில்லியம் க்ரூக்ஸ். தாலியம் தனிமத்தைக் கண்டுபிடித்த அதே க்ரூக்ஸ். ஆனால் அவர் வெல்டர்களுக்காக இறங்கவில்லை. கண்ணாடி ஊதும் தொழிலாளிகளுக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வந்தது. அதை ஆராய லண்டன் ராயல் சொசைட்டி 1908ல் ஒரு குழு போட்டது, க்ரூக்ஸ் அதில் சேர்ந்தார். உருகிய கண்ணாடியிலிருந்து வருகிற வெப்பக் கதிரைத் தடுக்க வேண்டும், புற ஊதாவைத் தடுக்க வேண்டும், ஆனால் பார்க்கிற வெளிச்சம் மட்டும் போக வேண்டும். செரியம், இரும்பு, குரோமியம் என்று பலவற்றைக் கலந்து முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிகளைச் செய்து பார்த்தார். முடிவுகளை 1913 நவம்பரில் சமர்ப்பித்தபோது அவருக்கு வயது 81.

எண்பத்தொரு வயதுக் கிழவர், தொழிலாளியின் கண்ணைக் காப்பாற்ற அடுப்பங்கரையில் நின்று கண்ணாடி காய்ச்சிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பிறகு முதல் உலகப் போர். கப்பல் பழுது பார்க்க, ஆயுதம் செய்ய என்று வெல்டர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். 1916ல் அமெரிக்காவில் வெர்ஹாஃப், பெல் என்ற இருவர், கதிர்கள் கண்ணை என்ன செய்கின்றன என்று பெரிய ஆராய்ச்சி அறிக்கை வெளியிட்டார்கள். 1917ல் அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகத்தில் கோப்லென்ட்ஸும் எமர்சனும் கடையில் விற்கும் பாதுகாப்புக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதினார்கள். 1920ல் ஃபுல்லகர் என்ற கப்பல், ஆணி அறையாமல் முழுக்க வெல்டிங்கிலேயே கட்டப்பட்டுக் கடலில் இறங்கியது. அதற்குப் பிறகு வெல்டிங்கை நிறுத்த ஆளில்லை. கண்ணாடிக்கு எண் வந்தது, தலையில் மாட்டும் ஹெல்மெட் வந்தது, தரக் கட்டுப்பாடு வந்தது. நம் நாட்டிலும் இதற்காக ஐ.எஸ். 1179 என்ற தரம் வந்தது.

எண் என்றேன் அல்லவா, அதை ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம், பின்னால் தேவைப்படும். வெல்டிங் கண்ணாடியில் 10, 11, 12 என்று போட்டிருக்கும். ஒவ்வொரு எண் ஏறும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய 2.7 மடங்கு குறையும். 10ஆம் எண் கண்ணாடியில் சுமார் ஏழாயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். 11ஆம் எண்ணில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு எண் கூடினால் என்ன என்று அலட்சியமாக இருக்க முடியாது.

* * *

இந்தச் சரித்திரத்தை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. விட்மார்க், க்ரூக்ஸ், வெர்ஹாஃப், கோப்லென்ட்ஸ் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே. எதை உள்ளே விடக்கூடாது? நியாயமான கேள்விதான். அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால் மாமாவின் கண் முப்பதிலேயே போயிருக்கும். ஆனால் உள்ளே இருப்பவனுக்கு வேலை தெரிகிறதா என்ற கேள்வி அந்த வரிசையில் இல்லை. ஹெல்மெட்டுக்குள் இருப்பது இருபத்தைந்து வயதுக் கண் என்று எல்லோரும் சொல்லாமலே வைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் வெள்ளெழுத்தின் சரித்திரம் அதைவிடப் பழையது. 1784ல், 78 வயதில், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தன் இரட்டைக் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறார். மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு. நம் தாத்தாக்கள் போட்டிருந்த பைஃபோகல். 1855ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உருண்டு திரண்டுதான் கிட்டத்துப் பொருளைக் காட்டுகிறது என்று விளக்கினார். 1864ல் டச்சு மருத்துவர் டோண்டர்ஸ், வெள்ளெழுத்து என்பது நோய் அல்ல, எல்லோருக்கும் வயதோடு வருவது என்று புத்தகமாகவே எழுதிவிட்டார். 1959ல் பிரான்சில் பெர்னார் மெத்னா, கோடில்லாத புரொக்ரசிவ் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் மாணவனாக இருந்தபோது அப்பாவின் பைஃபோகலைப் போட்டுப் பார்த்து, இதை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிப் பார்க்கிறார் என்று அதிர்ந்துபோனதில் ஆரம்பித்த யோசனை அது என்பார்கள்.

அப்பாவின் கண்ணாடியை ஒரு தடவை போட்டுப் பார்த்த பிள்ளை! நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம்?

ஆக ஒரு பக்கம் கறுப்புக் கண்ணாடி வளர்ந்தது, இன்னொரு பக்கம் வெள்ளெழுத்துக் கண்ணாடி வளர்ந்தது. இரண்டும் ஹெல்மெட்டுக்குள் சந்திக்கும்போதுதான் சிக்கல். பைஃபோகலிலும் புரொக்ரசிவிலும் கிட்டப்பார்வைப் பகுதி அடியில் இருக்கும். ஹெல்மெட் ஜன்னலோ கண்ணுக்கு நேரே இருக்கும். கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் வெல்டர் தாடையைத் தூக்கி, கழுத்தை மடக்கி, மூக்கு வழியாகப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும், தாடைக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் வெளிச்சமும் புகையும் நுழையும்.

இதோடு வயது செய்கிற இன்னொரு வேலை. அறுபது வயதில் கண்ணின் பாப்பா சுருங்கி, லென்ஸும் மஞ்சள் பூத்துவிடுவதால், விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம் இருபது வயதில் போனதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணே ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்ட மாதிரி. கணக்குப் பார்த்தால் வெல்டிங் கண்ணாடியில் ஒரு எண் கூடியதற்குச் சமம். அதற்கு மேலே 11ஆம் எண்ணையும் மாட்டினால்?

மாமாவுக்கு என்ன நடந்தது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. பாய்லர் டியூப் வரிசைக்கு நடுவே தலையை நுழைத்து, ஒரு சாண் தூரத்தில் பார்த்துச் செய்கிற வேலை. 25 சென்டிமீட்டரில் தெளிவாகப் பார்க்க 4 டையாப்டர் சக்தி வேண்டும். 48 வயதில் கண்ணிடம் மிஞ்சியிருப்பது பொதுவாக அதைவிடக் குறைவு. பேப்பரைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கலாம். பாய்லர் டியூபைத் தள்ளிப் பிடிக்க முடியாது. ஷீல்டை எடுத்துவிட்டால் டீக்கடையும் பஸ் போர்டும் நன்றாகத் தெரியும், அதனால் கண் சரியாக இருக்கிறது என்றே மனம் சொல்லும். உள்ளே போனால் உருகிய குழம்பின் விளிம்பு மசங்கும். எங்கே இரும்பு உருகி ஒட்டியிருக்கிறது, எங்கே கசடு மேலே மிதக்கிறது என்று பிரிக்க முடியாது. எக்ஸ்ரேயில் ஒட்டாத இடமும் கசடும் தெரியும். பார்க்கிறவர் கை நடுங்குகிறது என்பார்.

* * *

லக்ஷ்மி ரோட்டில் சாளிஷி வாங்கிய அடுத்த மாதம், வேறு வேலையாக ரவிவார் பேட்டில் போரி ஆளிக்குப் போயிருந்தேன். ஹார்டுவேர் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்து. வெல்டிங் சாமான் கடை ஒன்றில் சும்மா பேச்சுக் கொடுத்தேன், வயசான வெல்டர்கள் என்ன செய்வார்கள் என்று. கடைக்காரர் ஒரு டப்பாவைத் துழாவி, செவ்வகமாக ஒரு கண்ணாடிப் பட்டையை எடுத்துப் போட்டார். உள்ளங்கையில் அடங்குகிற பூதக்கண்ணாடி. ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், கண் பக்கமாகச் செருகுவது. 1.00, 1.50, 2.00 என்று எண் போட்டிருந்தது. சில நூறு ரூபாய். அமெரிக்க வெல்டர்கள் இதை ஏமாற்றுக் கண்ணாடி என்று கேலியாகக் கூப்பிடுவார்களாம். யாரை யார் ஏமாற்றுவது என்று தெரியவில்லை. வயதை ஏமாற்றுவதாக வைத்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது 2.00 ஒன்றும், கூடவே தானாகக் கறுக்கும் ஹெல்மெட் ஒன்றும் வாங்கிப்போனேன். அந்த ஹெல்மெட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1888ல், ஸ்லாவ்யானோவ் உலோகக் கம்பியால் வெல்டிங் செய்த அதே வருடம், ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியல்காரர் திரவப் படிகத்தைக் கவனித்தார். அது டிஜிட்டல் வாட்சின் எண்களாக நம் கைக்கு வந்தது 1970களில். 1981ல் ஸ்வீடனின் ஹோர்னெல் அதையே வெல்டிங் கண்ணாடியாக்கினார், பெயர் ஸ்பீட்கிளாஸ். சாதாரண நேரத்தில் வெளிர் நிறம், பொறி பறந்தால் மில்லி செகண்டுக்கும் குறைந்த நேரத்தில் கறுத்துவிடும். பழைய ஹெல்மெட்டில் ராடை இடத்தில் வைத்து, தலையை ஆட்டி மூடியை விழ வைத்து, அந்த இருட்டில் குத்துமதிப்பாக ஆரம்பிக்க வேண்டும். இதில் பார்த்துக்கொண்டே ஆரம்பிக்கலாம். இளைஞனுக்கு இது சொகுசு. வயதானவருக்கு இது கண்.

மாமா பட்டறையில் உட்கார்ந்திருந்தார், 61 வயது. ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்மை மாதிரி இருக்கு மாப்ளே" என்றார். பூதக்கண்ணாடியைச் செருகிக் கொடுத்தேன். ஒரு பழைய பைப் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினார். பாதியில் நிறுத்தவில்லை. முடித்து, கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"இது அப்பவே இருந்துச்சா மாப்ளே? நான் திரும்பி வந்தப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். இருந்தது என்றேன். இரண்டுமே இருந்தன, மாமா. ஹெல்மெட் விலை அப்போது எட்டாது, ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடி பட்டை எட்டியிருக்கும்.

"கை இல்லையே அப்ப" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அத்தை உள்ளே காபி கலந்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

* * *

உங்கள் வீட்டிலும் ஊரில் ஒரு வெல்டர் மாமா, சித்தப்பா, அப்பா இருக்கக்கூடும். போன் பண்ணும்போது சொல்ல வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன்.

முதலில் கண் பரிசோதனை. டாக்டரிடம் படிக்கிற தூரத்தைச் சொல்லாமல் வேலை செய்கிற தூரத்தைச் சொல்ல வேண்டும். ஹெல்மெட் மாட்டின நிலையில் மூக்கிலிருந்து ஜாயிண்ட் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து, சீட்டில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கண்புரை, கண் அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதே சாக்கில் பார்த்துவிடலாம். மசங்கலுக்கெல்லாம் சாளேசரம்தான் காரணம் என்று வீட்டிலேயே தீர்மானிக்கக் கூடாது.

வெல்டிங்குக்கு என்று அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரே எண் கொண்ட தனிக் கண்ணாடி செய்து வைத்துக்கொள்வது நல்லது. அல்லது ஹெல்மெட்டில் செருகும் பூதக்கண்ணாடி. குறைந்த எண்ணில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் ஏறலாம். அதிக எண் போட்டால் தலையை நெருப்புக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோக நேரிடும். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகம் என்றால் பட்டை உதவாது, தனிக் கண்ணாடிதான். முக்கியமாக, இந்தப் பட்டை கதிரைத் தடுக்காது. அது கறுப்புக் கண்ணாடிக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

ஹெல்மெட் வாங்கும்போது உள்ளே மூக்குக் கண்ணாடிக்கு இடம் இருக்கிறதா, பூதக்கண்ணாடி செருகத் தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். தானாகக் கறுப்பதில், கறுக்காத நிலையில் 3ஆம் எண் என்றால் சுமார் 14 சதவீத வெளிச்சம் வரும், 4 என்றால் 5 சதவீதம்தான். வயதான கண்ணுக்கு 3 பெரிய உபகாரம். ஐரோப்பிய முறைப்படி 1/1/1/2 என்பது போல நான்கு எண்கள் அச்சிட்டிருந்தால், அவை தெளிவு, வெளிச்சச் சிதறல், கறுப்பின் சீர்மை, சாய்த்துப் பார்த்தால் மாறாமல் இருப்பது ஆகியவற்றுக்கான மதிப்பெண். 1 நல்லது, 3 சுமார். பள்ளிக்கூட ரேங்க் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 2021ல் ஐ.எஸ்.ஓ. 16321 என்ற புதிய தரமும் வந்திருக்கிறது. எந்தத் தர எண்ணும் இல்லாமல் பளபளவென்று படம் மட்டும் போட்டிருப்பதை வாங்க வேண்டாம். எடையையும் கவனியுங்கள், தாங்கப்போவது அறுபது வயதுக் கழுத்து.

எண் விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. தெரியவில்லை என்பதற்காகக் கண்டபடி எண்ணைக் குறைப்பது ஆபத்து. 100 ஆம்பியர் அளவில் ராடு வெல்டிங்குக்கு அமெரிக்க அட்டவணை சொல்லும் குறைந்தபட்சம் 8, பரிந்துரை 10. ரொம்பக் கறுப்பிலிருந்து ஆரம்பித்து, குழம்பு நன்றாகத் தெரிகிற வரை ஒவ்வொன்றாகக் குறைத்து வரலாம், குறைந்தபட்சத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. வேலை இடத்தில் ஒரு நல்ல விளக்கைப் போடுவதும், கீறல் விழுந்த முன்கண்ணாடியை மாற்றுவதும் பல சமயம் எண்ணைக் குறைப்பதைவிட அதிகப் பலன் தரும். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் ஹெல்மெட்டுக்குள் பட்டுக் கண்ணாடியில் எதிரொலித்தால், பின்னந்தலையில் ஒரு துணியைத் தொங்கவிட்டால் போதும்.

கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கு உள்ளே வைத்த லென்ஸ் பெரும்பாலும் ஒரே தூரத்துக்குத்தான். எப்போது வேலைக்குத் திரும்பலாம், என்ன கண்ணாடி என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வெல்டிங் அடிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. க்ரூக்ஸ் எண்பத்தொரு வயதில் சொல்லியாகிவிட்டது.

கொசுறு: காண்டாக்ட் லென்ஸ் போட்டு வெல்டிங் செய்தால் அது உருகிக் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கதை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பல வருடம் சுற்றியது. சுத்தப் பொய் என்று நிபுணர்கள் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள், கதை ஓயவில்லை. வதந்திக்கு மட்டும் சாளேசரம் வருவதே இல்லை.

மாமா இன்னும் பட்டறைக்குப் போகிறார். போன தடவை போன் பண்ணியபோது, தெருவில் இன்னொரு வெல்டருக்கு ஐம்பதாகிவிட்டதாம், அவருக்கும் ஒரு பட்டை வேண்டுமாம். "2.00 வேணாம் மாப்ளே, 1.50 போதும் அவனுக்கு. டேப் வச்சு அளந்துட்டேன்" என்றார்.